அதிவேகச் சதுரங்கத்தில் தேர்ந்த ஆட்டக்காரரின் வளர்ச்சி: மணியோசை முதல் இணையம் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சதுரங்கத்தின் விரைந்த வடிவமான பிளிட்ஸ் ஆட்டம் இன்று பெரும்பாலும் இணையத்தில் ஆடப்படுகிறது. ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற ஒருவர் அதில் மேலும் வளர்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. மிகுதியாக ஆடுவதே வழி என்பது ஒன்று. விரைந்தாடுதல் ஆழ்ந்த சிந்தனையைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே வேகத்தைத் தனித்த ஒரு திறனாகக் கொள்கின்றன. விரைந்தாடிய ஆட்டத்தை நிதானமாக மீள்நோக்கும் வாய்ப்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் வளர்ச்சி நிகழ்ந்துள்ளது என்பதையும், இணையம் கொணர்ந்த உண்மையான மாற்றம் வேகத்தில் அன்று, பதிவில் உள்ளது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பிளிட்ஸ், சதுரங்கக் கடிகாரம், ஹெர்செக் நோவி, தால் சதுரங்கக் கழகம், இணையச் சதுரங்கம், மீள்நோக்கு.

முன்னுரை

உலக சாம்பியன் பட்டத்துக்காக இருவர் நேருக்கு நேர் மோதிய தொடர்கள் 2006 முதல் 2024 வரை 11 நடைபெற்றன. அவற்றுள் 2006, 2012, 2016, 2018, 2023 ஆகிய ஐந்து தொடர்களில் நெடுநேர ஆட்டங்கள் சமநிலையில் முடிய, விரைவாட்டங்களே சாம்பியனைத் தீர்மானித்தன. அவ்விரைவாட்டங்களும் சமநிலையில் முடிந்திருப்பின் பிளிட்ஸ் ஆட்டங்கள் தொடர்ந்திருக்கும். மாலைப் பொழுதின் விளையாட்டாகக் கருதப்பட்ட ஒன்று, இவ்வாறு ஆட்டத்தின் தலையாய பட்டத்துக்கே வாயிற்காவலாக நிற்கும் நிலை தோன்றியுள்ளது. ஃபிடே அமைப்பு 2012இல் விரைவாட்டத்துக்கும் பிளிட்ஸ் ஆட்டத்துக்கும் தனித்தனித் தரப்புள்ளிகளை வெளியிடத் தொடங்கியதும் இம்மாற்றத்தின் ஒரு கூறாகும்.

எனவே வலிமைமிக்க ஆட்டக்காரர் பிளிட்ஸில் எவ்வாறு வளர்கிறார் என்பது பயிற்சி நூல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. தொடக்கநிலை ஆட்டக்காரர் எதை ஆடினாலும் வளர்வார். அவரைப் பற்றிய சிக்கல் இங்கு இல்லை. பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின் ஆட்டத்தரம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டவரைப் பற்றியதே இவ்வினா. விடையைத் தேடுவதற்கு முன், வேகம் எனப்படுவது காலந்தோறும் ஒரே பொருளைக் குறித்ததா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

காலத்தை அளந்த கருவிகள்

1851ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் நேரக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. எலைஜா வில்லியம்ஸ் அளவுக்கு மீறிச் சிந்தித்து எதிராளியைச் சோர்வடையச் செய்தார் என்ற குறைபாடு அப்போட்டியில் எழுந்தது; குறைகூறியவர்களுள் ஸ்டான்டனும் ஒருவர். 1861இல் ஆண்டர்சன், கோலிஷ் இருவரும் மோதிய தொடரில் மணற்கடிகாரம் பயன்பட்டது. மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் 1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் அரங்கேறியது. ஒருவருடைய கடிகாரம் நிற்கும்போது மற்றவருடையது ஓடும் ஏற்பாடு அன்று தொடங்கியதாகும். இக்கருவிகள் யாவும் ஆட்டத்தை விரைவுபடுத்தப் பிறந்தவை அல்ல. எதிராளியின் காலத்தைத் திருடுவதைத் தடுக்கப் பிறந்தவை.

விரைவையே நோக்கமாகக் கொண்ட ஆட்டம் வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்கக் கழகங்களில் மணி ஒலித்தவுடன் காய் நகர்த்தியாக வேண்டும் என்ற முறை பரவியிருந்தது. இரு மணியோசைகளுக்கிடையே பத்து நொடி என்பது பரவலான வழக்கம். 1906இல் நியூயார்க்கின் மான்ஹட்டன் சதுரங்கக் கழகத்தில் நடந்த விரைவுப் போட்டியில், அப்போது பதின்பருவத்தினராயிருந்த காபபிளாங்கா, உலக சாம்பியன் லாஸ்கரையும் முந்தி முதலிடம் பெற்றார். மணியோசை முறையில் ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் சமம். எளிய நகர்வில் மிச்சப்படுத்திய நொடிகளைக் கடினமான நகர்வுக்குச் சேமிக்க இயலாது. ஐந்து நிமிடக் கடிகார முறை வந்தபோது இந்த நிலை தலைகீழாயிற்று. நேரம் என்பது ஆட்டக்காரர் தாமே பங்கிட்டுச் செலவழிக்கும் முதலாயிற்று. எந்த இடத்தில் சிந்திப்பது, எந்த இடத்தில் சிந்திக்காதிருப்பது என்னும் தேர்வு அதன்பின்னரே ஒரு திறனாக உருப்பெற்றது.

மூன்றாம் மாற்றம் ஃபிஷருடையது. ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகளைத் திருப்பித் தரும் எண்முறைக் கடிகாரத்துக்கு அவர் 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1992இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய தொடரில் அக்கடிகாரம் பயன்பட்டது. வெற்றி நிலையில் இருப்பவர் நேரமின்மையால் மட்டும் தோற்கக்கூடாது என்பது அதன் உட்கருத்து. கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். கூடுதல் நொடி இல்லாத மூன்று நிமிட ஆட்டம் 60 நகர்வு நீடித்தால் நகர்வுக்குச் சராசரி மூன்று நொடி கிடைக்கும். நகர்வுக்கு இரண்டு நொடி கூடுதலாகத் தரப்பட்டால் அதே ஆட்டத்தில் ஐந்து நொடி கிடைக்கும். முன்னதில் ஆட்டத்தின் இறுதிக் கட்டம் கைவேகப் பந்தயமாகிவிடும். பின்னதிலோ யானையும் சிப்பாயும் எஞ்சிய லுசேனா, பிலிடோர் நிலைகளைப் பிழையின்றி அறிந்தவருக்கு அவ்வறிவின் பயன் கிட்டும். இரண்டையும் பிளிட்ஸ் என்ற ஒரே பெயரால் அழைப்பது வசதிக்காகவே. ஒன்றில் வல்லவர் மற்றொன்றிலும் வல்லவராயிருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பற்றிய விவாதங்கள் பல இந்த வேறுபாட்டைக் கவனியாமலே நடைபெறுகின்றன.

ஹெர்செக் நோவி, 1970

சோவியத் ஒன்றியத்தில் பிளிட்ஸ் இருவேறு மதிப்புகளைப் பெற்றிருந்தது. மாஸ்கோ மாலை நாளிதழான வெச்சேர்னியா மஸ்க்வா நடத்திய பிளிட்ஸ் போட்டிகளில் பெட்ரோசியன், தால், பிரான்ஸ்டைன் போன்றோர் விரும்பிப் பங்கேற்றனர். மறுபுறம் போட்வின்னிக், சோவியத் பயிற்சி முறையின் தந்தையெனப் போற்றப்பட்டவர், அதனை ஏளனமாகவே நோக்கினார். வீட்டில் ஆய்வு, போட்டியில் சோதனை, மீண்டும் ஆய்வு என்ற அவரது நெறியில் ஐந்து நிமிட ஆட்டத்துக்கு இடமில்லை.

இவ்விரு கருத்துகளையும் ஒருசேர உலுக்கிய நிகழ்வு 1970 ஏப்ரலில் யூகோஸ்லாவியாவின் கடற்கரை ஊரான ஹெர்செக் நோவியில் நடந்தது. சோவியத் அணிக்கும் பிற உலக அணிக்குமான பெல்கிரேடு போட்டி முடிந்த சில நாட்களில், 12 பேர் ஒவ்வொருவரோடும் இருமுறை ஆடும் பிளிட்ஸ் போட்டி அங்கே ஏற்பாடாயிற்று. சோவியத் வீரர்களே வெல்வர் என்பது பொது எதிர்பார்ப்பு. 1958இல் பதினைந்து வயதுச் சிறுவனாக மாஸ்கோ சென்ற ஃபிஷர், அங்கே பெட்ரோசியனுடன் ஆடிய பிளிட்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இழந்தவர். ஆனால் ஹெர்செக் நோவியில் அவர் பெற்றது 22க்கு 19 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற தாலுக்கு 14.5, கோர்ச்னாய்க்கு 14, பெட்ரோசியனுக்கு 13.5. ஃபிஷர் தோற்றது கோர்ச்னாயிடம் ஒரே ஒரு ஆட்டம். தால், பெட்ரோசியன், ஸ்மிஸ்லோவ் ஆகிய மூன்று முன்னாள் உலக சாம்பியன்களையும் இரண்டு ஆட்டங்களிலும் வென்றார்.

இவ்வெற்றியை மேதைமையின் வெடிப்பாகக் காட்டுவது சதுரங்க எழுத்தின் வழக்கம். வரலாற்று நோக்கில் அதைவிடக் கருதத்தக்கது அதற்கு முந்தைய காலமாகும். 1968இன் இறுதியிலிருந்து பெல்கிரேடு போட்டி வரை ஃபிஷர் போட்டிகளிலிருந்து ஏறத்தாழ முற்றாக ஒதுங்கியிருந்தார். அதாவது அவருடைய பிளிட்ஸ் திறன் உச்சத்தை எட்டியது மிகுதியாக ஆடிய காலத்தின் முடிவில் அன்று. உருசிய மொழியைப் பயின்று சோவியத் இதழ்களைத் தனியே படித்த ஒருவரின் நெடிய தனிமைக்குப் பின் அது நிகழ்ந்தது. போட்டி முடிந்ததும் தம்முடைய 22 ஆட்டங்களையும் நினைவிலிருந்து அவர் ஒப்பித்தார் என்ற செய்தி பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. இச்செய்தியில் சற்று மிகை இருக்கலாம். ஆயினும் அது சுட்டும் உண்மை முக்கியமானது. பிறருக்கு ஆடியவுடன் மறைந்துபோகும் பிளிட்ஸ் ஆட்டம், ஃபிஷருக்கு மறையவில்லை. நினைவே அவருக்கு ஏடாயிருந்தது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு பொருந்தும். ஃபிடே விதிகளின்படி பிளிட்ஸ் ஆட்டத்தில் நகர்வுகளை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பிளிட்ஸ் ஆட்டங்களில் மிகப் பெரும்பகுதி பதிவின்றி அழிந்தது. தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த வாய்மொழி மரபு, ஏட்டு மரபு என்ற வேறுபாட்டை இங்கு ஒப்புநோக்கலாம். நெடுநேர ஆட்டம் ஏட்டில் ஏறியது. உரையும் மறுப்பும் பெற்றது. பிளிட்ஸ் ஆட்டம் அந்தந்த மாலையோடு கரைந்தது. அதில் ஒருவர் கற்றதும் பெரும்பாலும் அவ்வாறே கரைந்தது. போட்வின்னிக்கின் ஏளனத்தில் நியாயம் இருந்ததெனில், அது வேகத்தைப் பற்றியதாக அன்றி இந்த அழிவைப் பற்றியதாகவே இருந்திருக்க முடியும்.

தால் சதுரங்கக் கழகம்

சென்னையில் அன்றைய சோவியத் பண்பாட்டு மையத்தில் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் இயங்கியது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் அதன் உயிர்நாடியாக விளங்கினார். சோவியத் நூல்களும் கடிகாரங்களும் அங்கே கிடைத்தன. 1970களின் சென்னையில் அவை எளிதில் கிட்டாத பொருள்கள். 1969இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த், தாயார் சுசீலாவிடம் ஆட்டத்தைக் கற்று, சிறுவயதிலேயே இக்கழகத்துக்கு வந்தார்.

கழகத்தின் வழக்கம் எளியது. வென்றவர் பலகையிலேயே அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்வார். தம்மினும் மூத்தவர்களுக்கு நடுவில் இருந்த சிறுவனுக்கு, தொடர்ந்து ஆடவேண்டுமென்றால் வென்றாக வேண்டும். ஆனந்தின் பிற்கால வேகத்துக்கு இவ்வரிசையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது பாதி உண்மை. வரிசையின் மறுபாதியையும் கருதவேண்டும். தோற்றவர் எழுந்தபின் செய்வதற்கு ஒன்றே இருந்தது: தமது முறை வரும்வரை நின்று பிறருடைய ஆட்டத்தைப் பார்ப்பது, தாம் தோற்றதைப் பக்கத்தில் நின்றவரோடு பேசுவது. தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே கழகம் ஓர் இடைவெளியைக் கட்டாயமாக்கியது. யாரும் பயிற்சி முறையாக அதைத் திட்டமிடவில்லை. பலகைகளும் கடிகாரங்களும் ஆட்களைவிடக் குறைவு என்ற நிலையே அந்த இடைவெளியை உண்டாக்கியது.

1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் 9க்கு 9, பதினாறு வயதில் தேசிய சாம்பியன், 1987இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என ஆனந்தின் ஏற்றம் அமைந்தது. நெடுநேர ஆட்டங்களையே அவர் பிளிட்ஸ்போல ஆடினார் என்ற வியப்பும் உடன் வளர்ந்தது. ஆயின் 1991இல் பிரஸ்ஸல்ஸில் கார்ப்போவுக்கு எதிரான தகுதிச்சுற்றுத் தொடரை 3.5–4.5 என அவர் இழந்தபோது, அதே வேகம் குறையாகச் சுட்டப்பட்டது. நேரம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தக் கற்பதே அடுத்த கட்டத்தில் அவர் மேற்கொண்ட உழைப்பாயிற்று. 2017 இறுதியில், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன் பட்டத்தை வென்று, பிளிட்ஸிலும் மூன்றாமிடம் பெற்றார். 1988இல் கனடாவின் செயின்ட் ஜான் நகரில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியை வென்றபோது தாலுக்கு வயது 51. கழகத்துக்குப் பெயர் தந்தவரும் கழகத்தில் வளர்ந்தவரும் முதுமையை நோக்கிய வயதில் விரைவாட்டத்தில் வென்றனர் என்பது, வேகம் இளமைக்கே உரிய அனிச்சைத் திறன் என்ற கருத்தை ஐயுறச் செய்கிறது.

ஆய்வுக்கூடத்தின் சான்று

உளவியல் ஆய்வுகள் இவ்வையத்துக்கு ஓரளவு விளக்கம் தருகின்றன. டி குரூட் 1946இல் டச்சு மொழியில் வெளியிட்ட ஆய்வேடு, வல்லவர்கள் மற்றவர்களைவிட மிக ஆழமாகக் கணக்கிடுவதில்லை, ஆனால் சில நொடி மட்டும் காட்டப்பட்ட நிலையை மிகத் துல்லியமாக நினைவுகூர்கின்றனர் எனக் காட்டியது. 1973இல் சேஸ், சைமன் இருவரும், காய்களைத் தாறுமாறாக வைத்தால் அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது என நிறுவினர். நினைவில் சேர்ந்திருப்பவை காய்கள் அல்ல, பொருளுடைய அமைப்புகள் என்பது அவர்கள் கண்ட முடிவு. பர்ன்ஸ் 2004இல், ஆட்டக்காரர்களின் தரப்புள்ளி வேறுபாட்டில் 81 விழுக்காடு வரை பிளிட்ஸ் ஆட்டத்தால் விளக்கப்படக்கூடும் என்றார். அமைப்பை இனங்காணலே திறனின் பெரும்பகுதி என்பது இதன் பொருள்.

இம்முடிவைப் பிளிட்ஸ் பயிற்சிக்குச் சான்றிதழாகக் கொள்வோர் உளர். அது பொருந்தாது. பர்ன்ஸின் எண் பலதரப்பட்ட ஆட்டக்காரர்களை ஒருசேர நோக்கியதால் கிடைப்பது. ஏறத்தாழ ஒரே தரமுடைய வல்லவர்களைத் தம்முள் வேறுபடுத்துவது எது என்பதற்கு அது விடையாகாது. ஃபான் ஹாரெவெல்டும் உடனாய்வாளர்களும் 2007இல், நேரம் குறையக் குறையத் தரப்புள்ளியின் முன்னறிவிப்பு ஆற்றல் தேய்கிறது, மிக வலிமையானவர்களுக்கும் மெதுவான சிந்தனை பயனுடையது எனக் காட்டினர். 2012இல் மாக்ஸ்லி, எரிக்சன் முதலியோர் செய்த ஆய்வில், முதலில் தோன்றிய நகர்வைவிட நேரம் தந்து சிந்தித்துத் தேர்ந்த நகர்வு வல்லவர்களிடத்திலும் மேம்பட்டிருந்தது. சார்னஸ் குழுவினர் 2005இல், ஆட்டத்தரத்தை மிக வலுவாக முன்னறிவிப்பது தனியே அமர்ந்து படித்த மணிநேரங்களே என்றனர். போட்டி ஆட்டங்களின் பங்கு அதற்கு அடுத்ததே. இவற்றை இணைத்து நோக்கினால் ஒரு பிரிவினை தெரிகிறது. பிளிட்ஸ் ஆடும்போது செலவாவது அமைப்புகளின் சேமிப்பு. அச்சேமிப்பு பெருகுவது வேறொரு நேரத்தில், வேறொரு வேகத்தில்.

இணையம் மாற்றியவை

1992இல் இணையச் சதுரங்க வழங்கி தோன்றியது. 1995இல் அது கட்டணம் பெறும் இன்டர்நெட் செஸ் கிளப் ஆக, அதை ஏற்காதோர் அதே ஆண்டில் கட்டணமற்ற மாற்று வழங்கியைத் தொடங்கினர். செஸ்.காம் 2007இலும் லீசெஸ் 2010இலும் வந்தன. வலிமையான எதிராளி எந்நேரமும் கிடைப்பது இவற்றின் முதற்பயன் என்பர். சென்னையிலோ நியூயார்க்கிலோ கழகத்தை அண்டி வாழாதவருக்கு அது பெரும்பயனே.

பலகை ஆட்டத்திலிருந்து இணைய ஆட்டம் உருவத்தாலும் வேறுபட்டது. கையால் காயை எடுத்து வைத்துக் கடிகாரத்தை அழுத்தும் நொடி அங்கில்லை. எதிராளி ஆடுமுன்பே தம் விடையைப் பதிந்துவைக்கும் பிரீமூவ் வசதி சில தளங்களில் நொடியின் பத்தில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. விதிமீறிய நகர்வைத் தளமே ஏற்பதில்லை. ஒரு நிமிட புல்லட் ஆட்டம் பலகையில் ஏறத்தாழ இயலாதது. இணையத்தில் அது தனிக்கலையாயிற்று. நகமுராவும் புரூஸ் ஹார்ப்பரும் 2009இல் அதற்கென ஒரு நூலே எழுதினர். இத்தகைய கைத்திறன்கள் இணையத் தரப்புள்ளியை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. அவை சதுரங்க அறிவை உயர்த்துகின்றன எனக் கொள்வதற்கு ஆதாரம் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர் இணையத்தில் 100 புள்ளிகள் ஏறினேன் என்று சொல்லும்போது, அவற்றுள் எத்தனை சுட்டிக்கு உரியவை, எத்தனை பலகைக்கு உரியவை என்று கேட்பது முறையானதே.

ஆயினும் பெரிய மாற்றம் இவற்றுள் எதுவும் அன்று. இணையத்தில் ஆடப்படும் ஒவ்வொரு பிளிட்ஸ் ஆட்டமும் தானே பதிவாகிறது. நகர்வுகள் மட்டுமன்றி, ஒவ்வொரு நகர்வின்போதும் மீதமிருந்த நேரமும் பதிவாகிறது. லீசெஸ் தன்னில் ஆடப்பட்ட தரவரிசை ஆட்டங்கள் அனைத்தையும் மாதந்தோறும் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடுகிறது. ஃபிஷரின் நினைவாற்றல் செய்ததை இப்போது வழங்கி எல்லோருக்கும் செய்கிறது. வாய்மொழியாயிருந்த மரபு ஏடேறியது எனலாம்.

இப்பதிவு தேர்ந்த ஆட்டக்காரருக்குச் சொல்லக்கூடியவை நுட்பமானவை. எந்தத் தொடக்க ஆட்டத்தின் எட்டாவது, ஒன்பதாவது நகர்விலேயே முப்பது நொடி கரைகிறது? அது அறியாமையின் தடம். ஆடி ஆடித் தீராது, ஒரு மாலை படித்தால் தீரும். வெற்றி நிலைகள் எவ்வகை இறுதிக் கட்டத்தில் நழுவுகின்றன? நேரம் இருந்தும் அவசரமாக ஆடிய நகர்வு எது? கடைசி வினாவே மிகக் கடினமானது. ஏனெனில் பிளிட்ஸ் தோல்விகளைப் பொதுவாக நேரமின்மைக்கு உரியனவாக்கி மறந்துவிடுவது ஆட்டக்காரர் இயல்பு. கடிகாரப் பதிவோ பல வேளைகளில் வேறு கதை சொல்கிறது. எஞ்சின் இங்கு துணைக்கு வருகிறது. ஆனால் எல்லையோடு வருகிறது. எது சிறந்த நகர்வு என்று அது சொல்லும். நான்கு நொடியில் ஒரு மனிதர் கண்டடையக்கூடிய, ஆபத்தில்லாத நகர்வு எது என்று சொல்லாது. அம்மதிப்பீட்டை ஆட்டக்காரரே செய்தாக வேண்டும்.

அதே தளம் மீள்நோக்குக்கு எதிரான ஏற்பாட்டையும் செய்துள்ளது. ஆட்டம் முடிந்ததும் திரையில் தோன்றுவது அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான். தால் கழகத்தில் தோற்றவர் எழுந்து நிற்கவேண்டியிருந்தது. இணையத்தில் தோற்றவர் எழுவதில்லை. இழந்த புள்ளிகளை உடனே மீட்கும் ஆவல் அவரை அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கிறது. முன்னெப்போதும் இல்லாத ஆவணமும், அதைத் திறந்து பார்க்காமலிருக்கத் தூண்டும் ஏற்பாடும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது இக்காலத்தின் முரண்.

நகமுரா, கருவானா, குகேஷ்

இணையத்தில் ஆடியே வளர்ந்தவர் என்பதற்கு ஹிகாரு நகமுரா எடுத்துக்காட்டாக முன்வைக்கப்படுகிறார். இலங்கையில் பிறந்த பயிற்சியாளர் சுனில் வீரமந்திரி அவருடைய மாற்றுத் தந்தை. 2003இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டரான நகமுரா, இன்டர்நெட் செஸ் கிளப்பில் பெருந்தொகையான பிளிட்ஸ், புல்லட் ஆட்டங்களை ஆடினார். செஸ்.காம் நடத்தும் வேகச் சதுரங்கத் தொடரை 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார். ஆனால் நெடுநேர ஆட்டத்தில் 2800 புள்ளிகளைக் கடக்க அவருக்கு 2015 வரை காலம் தேவைப்பட்டது. இடையில் 2011இல் காஸ்பரோவிடம் சில காலம் பயின்றார். விரைவாட்டம் அவரை உருவாக்கியது என்பது போலவே, விரைவாட்டத்துக்கு வெளியே செய்த உழைப்பு அவரை உயர்த்தியது என்பதும் அவர் வாழ்விலிருந்து பெறப்படும் செய்தியே.

ஃபாபியானோ கருவானாவின் வரலாறு இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. 2018இல் இலண்டனில் கார்ல்சனுக்கு எதிராக 12 நெடுநேர ஆட்டங்களையும் சமன்செய்தவர், விரைவாட்டத்தில் 0–3 என வீழ்ந்தார். அன்று இருவருடைய நெடுநேரத் தரப்புள்ளிகளுக்கிடையே வேறுபாடு மூன்றே புள்ளி. ஒரே சேமிப்பை உடைய இருவர் அதைச் செலவழிக்கும் முறையில் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. பின்னைய ஆண்டுகளில் கருவானா செவ்வாய்க்கிழமைதோறும் பட்டம் பெற்றவர்களுக்காக இணையத்தில் நடத்தப்படும் பிளிட்ஸ் போட்டிகளில் அடிக்கடி ஆடினார். 2023இல் செயின்ட் லூயிஸ் ரேபிட், பிளிட்ஸ் போட்டியில் முதலிடம் பெற்றார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என முடிவுகட்ட இயலாது. ஆனால் இருபத்தாறு வயதுக்குப் பின்னும், உலகின் இரண்டாம் நிலையில் இருந்த ஒருவரும், இத்துறையில் வளர முடியும் என்பது தெளிவு. அவருக்குப் புதிதாகத் தேவைப்பட்டது அறிவு அன்று. போதுமான நகர்வைக் கண்டதும் நிறுத்திக்கொள்ளும் துணிவு. அதை மட்டும் ஆடித்தான் கற்கவேண்டும் போலும். தனிப்படிப்பு தரமுடியாத ஒன்றை விரைவாட்டப் பயிற்சி தருகிறது எனின், அது இதுவே.

ஆனந்தை வளர்த்த அதே சென்னை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நேரெதிரான ஒருவரையும் தந்தது. தொம்மராஜு குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, மற்றவர்கள் எஞ்சினைச் சார்ந்து பயிலும் காலத்தில், பயிற்சியின் முதற்பகுதியில் அதை விலக்கிவைத்து, சிறுவனைத் தானே கணக்கிடச் செய்தார். குகேஷின் விரைவாட்டத் தரப்புள்ளிகள் நெடுநேரத் தரப்புள்ளியைவிடத் தாழ்ந்தே இருந்தன. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கு எதிரான பதினான்காவது, கடைசி நெடுநேர ஆட்டம் தொடங்கியபோது புள்ளிகள் 6.5–6.5. சமன் ஆகியிருப்பின் மறுநாள் விரைவாட்டம். அதில் டிங்கின் கையே ஓங்கும் என்பது பலருடைய கணிப்பு. பலகையில் இருந்ததும் சமநிலைக்குரிய இறுதிக் கட்டமே. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் சமன் பேச முன்வராமல் தொடர்ந்து ஆடினார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 58ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது, விரைவாட்டம் நடைபெறவேயில்லை.